பாலைவழிக்கு ஒரு பயணத் திட்டம்

முப்பத்திரண்டு ஆண்டுகள் நான் பூகோள ஆசிரியனாகப் பணியாற்றினேன். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில், ஓடு வேய்ந்த வகுப்பறையில், துணியில் அச்சிட்ட உலகப் படத்தைச் சுவரில் மாட்டி, பிரம்பு நுனியால் நாடு நாடாகத் தொட்டுக் காட்டுவது என் தொழில். வட அமெரிக்கப் பாடம் வரும்போதெல்லாம் கொலராடோ ஆறு பாறையை அறுத்துப் பள்ளத்தாக்கு ஆக்கிய வரலாற்றைச் சற்று உணர்ச்சியோடு சொல்வேன். மாணவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். அவர்களுக்குத் தெரியாத செய்தி ஒன்றுண்டு. நான் கண்ணால் கண்ட பெரிய ஆறு வைகை ஒன்றுதான். அதுவும் எங்கள் பக்கம் வந்து சேரும்போது ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும்.

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் சென்றபின், 2024-ஆம் ஆண்டு மே மாத நடுவில், நானும் என் துணைவியாரும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரில் இறங்கினோம். எங்கள் மகன் அங்கே பொறியாளனாக இருக்கிறான். ஆறு மாதம் தங்க இசைவு கிடைத்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்து காலைக் கழுவியதும் மகனிடம் நான் கேட்ட முதற் கேள்வி, "இங்கிருந்து கிராண்ட் கேன்யன் எத்தனை தூரம்?" என்பதுதான். அவன் சிரித்துக்கொண்டே, "நாலு மணி நேரம்தான் வாப்பா, நீங்கள் முதலில் சாப்பிடுங்கள்" என்றான்.

மகனுக்கு ஜூலை மாதத்தில் எட்டு நாள் விடுப்பு இருந்தது. அந்த எட்டு நாளை எப்படிச் செலவிடுவது என்று திட்டம் தீட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பேத்தியின் வண்ணப் பென்சில்கள், ஒரு நீளத் தாள், ஒரு சாலை வரைபடம். இவற்றோடு ஒரு வாரம் உணவு மேசையைப் பிடித்துக்கொண்டேன். முடிவில் உருவான பட்டியல் இது: முதலில் டெத் வேலி என்னும் சாவுப் பள்ளத்தாக்கு; அங்கிருந்து சயான், பிறகு பிரைஸ் கேன்யன்; கிழக்கே ஆர்ச்சஸ் என்னும் கல் வளைவுகள்; தெற்கே திரும்பி மான்யுமென்ட் வேலி; பேஜ் நகரத்து மலையிடுக்குகள்; கிராண்ட் கேன்யனின் வடவிளிம்பு, தென்விளிம்பு இரண்டும்; கடைசியில் இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட். கூட்டிப் பார்த்தபோது 3,300 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. எட்டு நாளில் அத்தனையும் பார்த்துவிடலாம் என்று நான் உறுதியாக நம்பினேன்.

மகன் தாளை வாங்கிப் பார்த்தான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கிராண்ட் கேன்யனின் இரண்டு விளிம்புகளையும் விரலால் தொட்டு, "வாப்பா, இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

"பத்து மைல், பன்னிரண்டு மைல் இருக்கலாம்."

"பறவைக்கு அது சரி. காருக்கு 345 கிலோமீட்டர். நடுவில் பாலம் இல்லை. பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஐந்து மணி நேரம் ஆகும்."

வரைபடத்தில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. முப்பத்திரண்டு ஆண்டு படம் காட்டியவனுக்கு அந்த ஒரு விரல் அகலத்தில் பாடம் கிடைத்தது. ஆயினும் ஆசிரியர்களுக்கு ஒரு குணம் உண்டு. தவற்றை உடனே ஒப்புக்கொள்ள மனம் வராது. "அப்படியானால் விடியற்காலையில் புறப்பட்டால் போகிறது" என்றேன்.

டெத் வேலியைப் பற்றியும் பேச்சு வந்தது. 1913-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் அங்குப் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகில் பதிவான வெப்பங்களில் மிக உயர்ந்தது என்று ஏற்கப்பட்டுள்ளது. அங்குள்ள பேட்வாட்டர் என்னும் உப்புத் தரை கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. வட அமெரிக்கக் கண்டத்திலேயே மிகத் தாழ்ந்த இடம். நான் வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன எண்கள் இவை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பாராமல் போவதா?" என்றேன். "ஜூலையில் அங்கே போவது அறிவுடைமை ஆகாது வாப்பா. உம்மாவையும் நினைத்துப் பாருங்கள்" என்றான் மகன்.

என் துணைவியாருக்கு இருபது ஆண்டுகளாக நீரிழிவு. காலையும் இரவும் இன்சுலின் போட்டாக வேண்டும். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே, "உங்கள் விருப்பம் எதுவோ அதுவே ஆகட்டும்" என்றார். நாற்பது ஆண்டு இல்லறத்தில் இந்தச் சொல்லை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் அதை இசைவு என்றே எடுத்துக்கொண்டேன். அன்றும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரும் பயணத்திற்கு ஓர் ஒத்திகை போல, வடக்கே செம்பாறைக் குன்றுகள் நிற்கும் செடோனாவுக்கு மகன் எங்களைக் காரில் அழைத்துச் சென்றான். வழியில் ஓர் ஊரில் மதிய உணவுக்காக நிறுத்தினோம். இன்சுலின் இருந்த கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கப் போன துணைவியாரை, "பத்து நிமிடந்தானே, அது அங்கேயே இருக்கட்டும்" என்று தடுத்தவன் நான்தான். பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரமாயிற்று. வெளியே நாற்பது டிகிரிக்கு மேல் வெப்பம். கண்ணாடி ஏற்றி வெயிலில் நின்ற காருக்குள் எத்தனை இருந்திருக்கும் என்பதை அந்த இருக்கையைத் தொட்டவர்தான் அறிவார். மருந்தின் நினைவு எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவர் வேளை தவறாமல் ஊசி போட்டுக்கொண்டார். ஆனால் தாகம் தீரவில்லை. எழுந்து நடந்தால் தள்ளாட்டம். பேச்சிலும் ஒரு சோர்வு. மூன்றாம் நாள் காலை சோதித்தபோது சர்க்கரை 380-ஐத் தாண்டியிருந்தது. மருத்துவரிடம் ஓடினோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த மருந்து எங்கே இருந்தது?" மகன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது. சூட்டில் இன்சுலின் வீரியம் இழந்துவிடும். நிறத்தைப் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது. நாங்கள் இரண்டு நாளாக ஏறத்தாழ வெறும் நீரைத்தான் அவர் உடம்பில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மருந்து மாற்றி இரண்டு நாளில், இறைவன் கிருபையால், அவர் தேறினார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மேசையில் கிடந்த திட்டத்தை எடுத்து விரித்தேன். நீலம், சிவப்பு, பச்சை என்று கோடுகள் அழகாக ஓடின. எங்கே எரிபொருள், எங்கே உணவு, எங்கே காட்சி என்று எல்லாம் எழுதியிருந்தேன். அவர் மருந்து எங்கே இருக்கும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அத்தனை வண்ணங்களில் அவருக்கென்று ஒரு நிறம் ஒதுக்க எனக்குத் தோன்றவில்லை.

தாளை மடித்துக் கிழிக்கப் போனபோது பின்னாலிருந்து குரல் கேட்டது. "ஏன் அதைக் கிழிக்கிறீர்கள்? நான் வரமாட்டேன் என்றா சொன்னேன்?"

"நீ எதுவும் சொல்லவில்லை. அதுதான் பிழையாகப் போயிற்று."

அவர் எதிரே அமர்ந்தார். "கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு இத்தனை இடம் வேண்டாம். ஓர் இடத்தில் உட்கார்ந்து, மனம் நிறையும் வரை பார்க்க வேண்டும். ஒற்றைக் கை மனிதர் படகில் போனார் என்பீர்களே, அந்த ஆறு இருக்கிற இடம் போதும்."

நான் வியந்துபோனேன். நான் வகுப்புக்குப் போகுமுன் வீட்டுத் திண்ணையில் உலவியபடி பாடத்தை ஒரு முறை சொல்லிப் பார்ப்பது வழக்கம். அவர் அடுக்களையில் இருந்துகொண்டே அத்தனையையும் கேட்டிருக்கிறார். ஜான் வெஸ்லி பவல் என்னும் அந்தப் படை வீரர் 1862-இல் நடந்த ஷைலோ போரில் வலக்கையை இழந்தவர். 1869 மே 24-ஆம் நாள் ஒன்பது துணைவர்களோடு நான்கு படகுகளில் புறப்பட்டு, அதுவரை எவரும் அளந்தறியாத அந்த ஆற்றுப் பாதையில் இறங்கினார். ஒருவர் முன்னரே விலகிச் சென்றார். கடைசி நாட்களில் ஆற்றின் சீற்றத்திற்கு அஞ்சி மூவர் படகை விட்டுக் கரையேறிப் போனார்கள். அவர்கள் மீளவே இல்லை. ஆகஸ்ட் 30-ஆம் நாள் பவலும் ஐவரும் பள்ளத்தாக்கைக் கடந்து வெளியே வந்தார்கள். என் மாணவர்களில் எத்தனை பேர் இதை நினைவில் வைத்திருக்கிறார்களோ அறியேன். பாடம் நடத்தாத ஒருவர் மனத்தில் அது முப்பது ஆண்டு தங்கியிருந்தது.

மறுநாள் புதுத் தாள் எடுத்தோம். இம்முறை நால்வரும் மேசையைச் சுற்றி அமர்ந்தோம். துணைவியார்தாம் முதல் வரியைச் சொன்னார், மருமகள் எழுதினாள்.

முதல் தீர்மானம் மாதத்தைப் பற்றியது. ஜூலையை விட்டுவிட்டு அக்டோபர் முதல் வாரத்துக்கு மாற்றினோம். மகன் தன் அலுவலகத்தில் உடன் பணியாற்றும் நண்பரோடு விடுப்பை மாற்றிக்கொண்டான். அந்த ஆண்டு பீனிக்ஸ் நகரில் மே மாத இறுதியில் தொடங்கி செப்டம்பர் நடு வரை 113 நாள் இடைவிடாமல் பகல் வெப்பம் 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை என்பதை நினைத்தால், அந்தத் தீர்மானத்தின் அருமை விளங்கும்.

இரண்டாம் தீர்மானம் உயரத்தைப் பற்றியது. பாலை என்றாலே அனல் என்று நாம் எண்ணுகிறோம். நம் முன்னோர் முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்த நிலத்தையே பாலை என்றார்கள். இங்கோ பாலைக்குள்ளேயே குறிஞ்சி இருக்கிறது. பீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்போ சுமார் 2,100 மீட்டர்; நம் உதகமண்டலத்தை விடச் சற்றே தாழ்வு. நான்கு மணி நேரப் பயணத்தில் அனலிலிருந்து ஊசியிலைக் காட்டுக்குள் ஏறிவிடலாம். ஆனால் விளிம்பிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் கீழே போகப் போக வெப்பம் கூடும். மலையேற்றத்தில் களைத்தவன் இறங்குமுகமாக வீடு திரும்புவான், இங்கே களைத்த பிறகுதான் ஏற்றமே தொடங்கும். ஒரே நாளில் ஆறு வரை இறங்கி ஏற முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறது. ஆகவே விளிம்பைத் தாண்டி ஓரடியும் இறங்குவதில்லை என்று எழுதிக்கொண்டோம். அந்த வரியின் கீழ் என்னைக் கையொப்பமிடச் சொன்னாள் பேத்தி.

மூன்றாவது, நீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டோம். நம் கடலோரத்தில் வியர்வை சட்டையை நனைக்கும்; உடம்பு நீர் இழப்பது கண்ணுக்குத் தெரியும். வறண்ட பாலைக் காற்றில் வியர்வை தோன்றும்போதே ஆவியாகிவிடும். வியர்க்கவில்லை என்று எண்ணியபடியே மனிதன் காய்ந்துபோவான். அதே வறட்சிதான் எங்களுக்கு ஓர் உதவியும் செய்தது. இன்சுலினுக்குப் பனிக்கட்டிப் பெட்டி ஒன்றும், நீரில் நனைத்து வைக்கும் துணிப்பை ஒன்றும் வாங்கினான் மகன். அந்தப் பையின் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் மருந்து குளிரும். "இது நம் வீட்டு மண்பானை அல்லவா?" என்றார் துணைவியார். ஆம், மண்பானையேதான், வறண்ட காற்றில் அது நம் ஊரைவிட நன்றாக வேலை செய்கிறது. பை யாருடைய தோளில் இருக்கும் என்ற கேள்விக்கு நானே பெயர் கொடுத்தேன். கார் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் முதலில் இறங்குவது பை, பிறகுதான் நான்.

நான்காவது, மழை. பாலையில் மழையைப் பற்றிய கவலை எதற்கு என்று நினைப்பீர்கள். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை அரிசோனாவில் இடிமழைக் காலம். அதை அங்குள்ளவர்கள் 'மான்சூன்' என்றே அழைக்கிறார்கள். அரபு மாலுமிகள் பருவக்காற்றுக்கு வழங்கிய 'மவ்ஸிம்' என்ற சொல்தான் போர்ச்சுக்கீசியர் வாயில் திரிந்து அப்படி ஆனது. நம் கடற்கரைகளுக்கு மரக்கலங்களைக் கொண்டுவந்து சேர்த்த காற்றின் பெயர், கடலே இல்லாத அந்த மாநிலத்தில் ஒலிக்கக் கேட்டு நான் மகிழ்ந்தேன். ஆனால் அந்த மழை விளையாட்டன்று. பேஜ் நகருக்கு அருகே ஆண்டிலோப் கேன்யன் என்னும் ஒடுங்கிய மணற்பாறை இடுக்கு உண்டு. 1997 ஆகஸ்ட் 12-ஆம் நாள், பல மைல் தொலைவில் பெய்த மழை வெள்ளமாகத் திரண்டு அந்த இடுக்கில் பாய்ந்ததில் பதினொரு பயணிகள் மாண்டார்கள். தங்கள் தலைக்கு மேல் இருந்த வானத்தை மட்டும் பார்ப்பது போதாது என்பது அதன் படிப்பினை. இன்று அந்தப் பகுதிக்கு உரியவர்களான நவஹோ மக்களின் வழிகாட்டியோடுதான் உள்ளே செல்ல முடியும். மழைக்காலம் கழிந்த மாதம், வழிகாட்டி ஒருவர், மேல் இடுக்கு என்று எழுதினோம். வானிலை ஐயமாயிருந்தால் கட்டிய பணத்தை மறந்துவிடுவது என்றும் சேர்த்துக்கொண்டோம்.

ஐந்தாவது, நேரம். இது எனக்கே புதுமையாக இருந்தது. அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பதில்லை. அதனுள்ளே பரந்து கிடக்கும் நவஹோ நாடு தள்ளி வைக்கிறது. நவஹோ நாட்டால் சூழப்பட்ட ஹோப்பி மக்களின் நிலமோ தள்ளி வைப்பதில்லை. ஒரே நாள் பயணத்தில் கைப்பேசிக் கடிகாரம் ஒரு மணி முன்னும் பின்னுமாகத் தாவும். அறை முன்பதிவுக்கும் வழிகாட்டிக்கும் எந்தக் கடிகாரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டோம். தொழுகைக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. சூரியனுக்கு எந்த மாநிலச் சட்டமும் பொருந்தாது.

ஆறாவது, எரிபொருளும் உணவும். மேற்கு மாநிலங்களில் ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள வெறுமையை நம்மால் கற்பனை செய்ய முடியாது. யூட்டா மாநிலத்தில் கிரீன் ரிவர் ஊருக்கும் சலைனாவுக்கும் இடையே 100 மைலுக்கு மேல் நெடுஞ்சாலையில் எரிபொருள் நிலையமே கிடையாது. எங்கள் வழியில் அது இல்லையென்றாலும், தொட்டி பாதியாகும்போதே நிரப்புவது என்று விதி செய்தோம். உணவுக்குப் புளிச்சோறு, அவித்த முட்டை, ரொட்டி. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் உண்ணப் பேரீச்சம்பழம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1927-இல் மொராக்கோ நாட்டிலிருந்து கொண்டுவந்த பதினொரு மெஜூல் கன்றுகளிலிருந்து பெருகியவையே அமெரிக்கப் பாலைத் தோட்டங்களின் மெஜூல் மரங்கள்.

இப்படி ஒன்பது இடங்கள் மூன்றாகக் குறைந்தன: தென்விளிம்பில் இரண்டு இரவு, பேஜில் ஓர் இரவு, மான்யுமென்ட் வேலியில் ஓர் இரவு. டெத் வேலியின் மேல் நானே கோடிட்டேன். வடவிளிம்பை மட்டும், 'இன்ஷா அல்லாஹ், அடுத்த வருகையில்' என்று எழுதி ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன்.

அக்டோபர் முதல் வாரத்தில், விடியுமுன் புறப்பட்டோம். பீனிக்ஸ் அப்போதும் நாற்பது டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தது. தென்விளிம்பை அடைந்தபோது துணைவியார் சால்வையைத் தேடினார். மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு விளிம்புக்கு நடந்தோம். இருளில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஒரு பெரும் வெறுமை இருப்பது மட்டும் காற்றில் தெரிந்தது. கிழக்கு வெளுத்தபோது மேல் அடுக்குகள் முதலில் நிறம் பெற்றன. பின்பு ஒவ்வொரு படியாக ஒளி கீழே இறங்கிற்று. நாங்கள் உட்கார்ந்திருந்த மேற்பாறையான கைபாப் சுண்ணாம்புக் கல் சுமார் 27 கோடி ஆண்டு பழமையானது. அடியில் கிடக்கும் பாறைக்கு வயது ஏறத்தாழ 170 கோடி ஆண்டு; அதற்கு விஷ்ணு பாறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அத்தனை காலம் கட்டிய சுவரை ஆறு சுமார் ஐம்பது அறுபது இலட்சம் ஆண்டுகளில் அறுத்திருக்கிறது. 446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம், ஒரு மைலுக்கு மேல் ஆழம். எல்லாம் நான் மனப்பாடமாக அறிந்த எண்களே. அன்று ஓர் எண்ணும் வாயில் வரவில்லை.

அந்த இருக்கையில் துணைவியார் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தார். ஒரு முறைகூட, "போகலாமா?" என்று நான் கேட்கவில்லை. அதுவே என் வாழ்நாளில் நான் பெற்ற அரிய வெற்றி என்று சொல்வேன். மறுநாள் டெசர்ட் வியூ என்ற இடத்திலிருந்து, வெகு ஆழத்தில் நூல் போல ஆறு தெரிந்தது. "இவ்வளவு சிறியதா? இதிலா அந்த மனிதர் போனார்?" என்று கேட்டார். அது 2,300 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு என்றும், வயல்களும் நகரங்களும் வழியெல்லாம் பருகிவிடுவதால் இக்காலத்தில் அது கடலைச் சேர்வது அரிது என்றும் சொன்னேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்படியானால் இதுவும் நம் வைகை மாதிரிதான்" என்றார். முப்பத்திரண்டு ஆண்டு பாடம் நடத்தியும் எனக்குத் தோன்றாத ஒப்புமை அது.

பேஜில் வானம் தெளிவாக இருந்தது. மலையிடுக்கின் உள்ளே அலை அலையான செம்பாறைச் சுவர்களைத் தொடாமல் நடந்தோம். மான்யுமென்ட் வேலியில் எங்களை அழைத்துச் சென்ற நவஹோ முதியவர் குறைவாகவே பேசினார். 1864-இல் அமெரிக்கப் படை அவர்கள் முன்னோரை முந்நூறு மைலுக்கு மேல் நடத்தியே நியூ மெக்சிகோவுக்குக் கொண்டுசென்று அடைத்ததையும், 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் அவர்கள் நடந்தே தாய்மண்ணுக்குத் திரும்பியதையும் நான் படித்திருந்தேன். நாம் பார்த்துவிட்டுப் போகும் காட்சி அவருக்கு வீடு என்ற நினைவு என்னை வாயடைக்கச் செய்தது. ஐந்து நாளும் துணைவியாரின் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது.

வீடு திரும்பியபின் அவர் சொன்னார்: "எனக்குப் பிடித்த இடம் பார்த்தாயிற்று. உங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லையே?"

இருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. பீனிக்ஸுக்கு மேற்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் குவார்ட்சைட் என்றொரு பாலைவன ஊர். அங்கே ஓர் அடக்கத்தலம் இருக்கிறது. 1855-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் பாலையில் படைச் சுமை கொண்டுசெல்ல ஒட்டகம் வாங்க 30,000 டாலர் ஒதுக்கியது. 1856-இல் முதல் ஒட்டகங்கள் டெக்சாஸ் கரையில் இறங்கியபோது, அவற்றை நடத்தத் தெரிந்தவர்களும் உதுமானியப் பேரரசின் நாடுகளிலிருந்து உடன் வந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஹாஜி அலி. அந்தப் பெயர் அமெரிக்கர் நாவில் புரளாமல் 'ஹை ஜாலி' ஆயிற்று. 1857-இல் எட்வர்ட் பீல் என்பவர் கொலராடோ ஆறு வரை வண்டிப்பாதை அளந்த பயணத்தில் அந்த ஒட்டகங்கள் பங்கு கொண்டன. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. ஹாஜி அலி மட்டும் அந்தப் பாலையிலேயே தங்கி, சுரங்கம் தேடியும் சுமை ஏற்றியும் காலங்கழித்து, 1902-இல் மறைந்தார்.

ஊர் திரும்பும் வாரத்தில் ஒரு காலை அங்குச் சென்றோம். 1935-இல் கட்டிய சிறு கற்கோபுரம். உச்சியில் செப்பு ஒட்டகம் ஒன்று நிற்கிறது. சுற்றிலும் எளிய கல்லறைகள், சரளைக்கல் தரை, அகன்ற வானம். பிறந்த மண்ணிலிருந்து எத்தனை தொலைவில் வந்து கிடக்கிறார் இந்த மனிதர்! அவர் நடந்த வழியில் எந்த வரைபடமும் இருந்திருக்காது. எந்த மிருகத்துக்கு எப்போது நீர் வேண்டும், எது களைத்திருக்கிறது என்பதை முகம் பார்த்தே அறிந்திருக்க வேண்டும். அதை அறியாதவனைப் பாலை கடக்க விட்டிருக்காது. நாங்கள் கையேந்தி அவருக்காகத் துஆச் செய்தோம்.

2025 ஜூலையில், ஊரில் இருந்தபோது, மகன் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னான். மின்னலால் மூண்ட காட்டுத்தீ வடவிளிம்பில் பரவி, அங்கிருந்த பழம்பெரும் விடுதியையும் எரித்துவிட்டதாம். 'அடுத்த வருகையில்' என்று நான் ஓரத்தில் எழுதி வைத்திருந்த இடம் அது. வருத்தமாகத்தான் இருந்தது. துணைவியாரிடம் சொன்னேன். "பள்ளத்தாக்கு இருக்கிறதல்லவா?" என்றார் அவர். "இருக்கிறது" என்றேன்.

அந்த இரண்டாம் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். மருமகளின் கையெழுத்தில், மேலே முதல் வரியாக இப்படி இருக்கிறது: 'மருந்துப் பை – வாப்பாவின் தோளில்.' நெடும்பயணம் புறப்படும் அன்பர்கள் எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும், உடன் வருபவர் ஒவ்வொருவரிடமும், "உனக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுத் தாளை எடுங்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள நாற்பது ஆண்டும், கெட்டுப்போன ஒரு குப்பி மருந்தும் தேவைப்பட்டன.